காவேரிப்பாக்கத்தில் இப்போது மணி என்ன?

கைபேசியைப் பார்த்தால் தெரிந்துவிடும், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பிப்ரவரி நடுவில் ஒரு நாள் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நேராக ஒரு கம்பை நட்டு வையுங்கள். கைபேசியில் சரியாகப் பகல் 12 ஆகும்போது நிழலைப் பாருங்கள். உச்சிவெயில் வந்திருக்க வேண்டுமே? வந்திருக்காது. நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருக்கும். அது ஆகக் குறுகுவது 12 மணி 26 நிமிட வாக்கில்தான்.

அப்படியானால் கைபேசி தப்பா, சூரியன் தப்பா?

இரண்டும் தப்பில்லை. கைபேசி காட்டுவது இந்திய சீர் நேரம் (நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட நேரம்). அது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கமாகச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை (வடக்கு தெற்காகப் பூமியில் போட்டுக்கொண்ட கற்பனைக் கோடு) வைத்துக் கணக்கிட்டது. காவேரிப்பாக்கம் அதற்கு மேற்கே சுமார் 3 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். ஆகவே மிர்சாபூரில் சூரியன் உச்சிக்கு வந்து 12 நிமிடம் கழித்துத்தான் நம் ஏரிக்கு மேல் வரும்.

12 நிமிடம் சரி, 26 எப்படி ஆனது? பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டினாலும் சூரியன் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அதனால் நவம்பர் முதல் வாரத்தில் நம் ஊர் உச்சிவேளை 11.56-க்கே வந்துவிடும். ஜூன் நடுவிலும் டிசம்பர் கடைசியிலும் 12.12.

"பத்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் எனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ராகு காலம், நோன்பு திறப்பது, ஜாதகம், கம்பெனிச் சம்பளம் என்று நீங்கள் நேரத்தை நம்பிச் செய்யும் காரியங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரக்கணக்கு இருக்கிறது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும்.

முதலில் பழைய கணக்கு. கடிகாரம் வருமுன் நம்மவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு வினாடி. அந்தக் கால வினாடி இன்றைய கணக்கில் 24 நொடி. ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்.

இதை எப்படி அளந்தார்கள்? பகலில் நிழல். வெயிலில் நின்று தன் நிழலைத் தன் காலடியாலேயே அளப்பது எளிய வழி. ஆள் உயரமாக இருந்தால் அடியும் நீளமாக இருப்பதால் கணக்கு பெரிதாகக் கெடாது. இரவிலும் மழைநாளிலும் நாழிகை வட்டில். அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. நீரைச் சொட்டவிட்டு அளப்பதும் உண்டு. பாசறையில் இப்படி நேரம் பார்த்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றி முல்லைப்பாட்டே பேசுகிறது. ஆக, நேரம் பார்ப்பது அப்போதே சம்பளத்துக்குரிய ஒரு உத்தியோகம்.

இந்த நாழிகைக் கணக்கு செத்துவிட்டதா? இல்லை, உங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. "காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்" என்று போட்டிருப்பார்கள். ஏன் ஒன்றரை மணி? தமிழ்நாட்டு வழக்கில் ஒரு முகூர்த்தம் மூன்றே முக்கால் நாழிகை. 24 நிமிடத்தால் பெருக்கினால் சரியாக 90 நிமிடம்.

ராகு காலமும் ஒன்றரை மணிதான், ஆனால் அதன் கணக்கு வேறு. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரை உள்ள பகலை எட்டாகப் பங்கிட வேண்டும். அதில் ஒரு பங்கு ராகு காலம். வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்கு 10.30 முதல் 12 வரை வரும். தினசரி காலண்டரில் அச்சடிப்பது இதைத்தான்.

சூரியன் காவேரிப்பாக்கத்தில் 6 மணிக்கு உதிக்கிறதா? வருஷத்தில் சில வாரம் மட்டும். ஜூன் மாதம் 5.45 வாக்கில் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.38 ஆகிவிடும். பகலின் நீளமும் ஜூனில் 13 மணிக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். எட்டால் வகுத்தால் ஜூனில் ஒரு பங்கு 97 நிமிடம், டிசம்பரில் 85 நிமிடம். ஜூன் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை உண்மையான கணக்குப்படி ராகு காலம் 10.36-க்குத் தொடங்கி 12.12 வரை போகும்.

அதாவது 12 அடித்ததும் "ராகு காலம் போயிடுச்சு" என்று அட்வான்ஸ் கொடுக்கிறவர், சாத்திரத்தின்படியே பார்த்தாலும், ராகு காலத்துக்குள்தான் கொடுக்கிறார்! இதில் நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பது உங்கள் விஷயம். நம்புகிறவர் என்றால் அச்சடித்த 10.30–12 என்பது ஒரு வசதிக் கணக்கு என்று தெரிந்து வைத்திருங்கள். அதற்காகப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் டோக்கனைத் தவறவிட வேண்டியதில்லை.

பஞ்சாங்கம் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகிறது என்பதும் பலருக்குள்ள சந்தேகம். வாக்கியப் பஞ்சாங்கம், பல தலைமுறையாக மனப்பாடமாக வந்த சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதப் பஞ்சாங்கம், வானில் கோள்கள் இன்று எங்கே நிற்கின்றன என்று பார்த்துத் திருத்திய கணக்கு. அதனால் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் இரண்டிலும் மாறும். சில வருஷம் பண்டிகையே ஒரு நாள் தள்ளிப்போகும்.

பழைய முறையை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டு மே 31 இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிசகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிசகைத் திருத்தத்தான் அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தொலைநோக்கியில் பார்த்துச் சரிசெய்த பஞ்சாங்கம் போட்டார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவரும் அவரே. வீட்டில் இரண்டு காலண்டர் மாட்டி இரண்டும் வேறு நேரம் சொன்னால் பதற வேண்டாம். உங்கள் குடும்பமும் கோயிலும் எதைப் பின்பற்றுகின்றனவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியே வேறாக இருந்த காலமும் உண்டு, அதற்குக் காவேரிப்பாக்கமே சாட்சி. 1752-இன் தொடக்கத்தில் ராபர்ட் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையும் இங்கே இரவில் மோதின. ஆங்கிலேயர் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் 1582-லேயே திருத்திய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டவர்கள். ஒரே இரவுக்கு இரண்டு பக்கமும் 11 நாள் வித்தியாசத்தில் தேதி போட்டிருப்பார்கள். ராஜா சாகிபின் தரப்புக்கு ஹிஜ்ரி 1165. ஏரிப்பாசன விவசாயிக்கு பிரஜோற்பத்தி வருஷம். ஆங்கிலேயர் அந்த வருஷம் செப்டம்பரில்தான் 11 நாளைத் தாண்டிக் குதித்துப் புதுக் கணக்குக்கு வந்தார்கள்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு விஷயம். தொழுகை நேரம் சூரியனைப் பார்த்து வைப்பது. லுஹர் உச்சி சாய்ந்த பிறகு; அஸர் நிழலின் நீளத்தை வைத்து; மஃரிப் சூரியன் மறைந்ததும். கடிகாரம் இவற்றுக்கு உதவிதானே தவிர அடிப்படை இல்லை. அதனால்தான் நேரம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையைவிடக் காவேரிப்பாக்கத்தில் சூரியன் மறைய 3 நிமிடம் கூடுதலாக ஆகும். வேலூரில் சுமார் நாலரை நிமிடம். ஆம்பூரில் 6 நிமிடம்.

இதனால் என்ன செய்ய வேண்டும்? சென்னைக்கு அச்சடித்த ரமலான் அட்டவணையை ஆம்பூரில் வைத்து நோன்பு திறந்தால், சூரியன் மறையும் முன்பே திறந்ததாகிவிடும். ஸஹர் (விடியுமுன் உண்ணும் நோன்பு உணவு) முடிவில் அந்தப் பிரச்சினை இல்லை, சில நிமிடம் முன்கூட்டியே முடித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். உள்ளூர் பள்ளிவாசல் போடும் அட்டவணையைப் பாருங்கள். செயலி வைத்திருந்தால் அதில் ஊர் 'சென்னை' என்று நிற்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள்.

ஜாதகம் எழுதுகிறவர்களுக்கும் இதே 4 நிமிடக் கணக்கு உண்டு. பிறந்த ஊரைக் கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. மருத்துவமனைச் சீட்டில் உள்ள மணியிலிருந்து காவேரிப்பாக்கத்துக்கு 12 நிமிடத்தைக் கழித்தால்தான் உள்ளூர் நேரம் வரும். லக்னம் மாறும் எல்லையில் பிறந்த குழந்தைக்கு இது போதும் வித்தியாசப்பட. தாத்தா பாட்டி ஜாதகம் என்றால் இன்னொன்று கவனியுங்கள்: இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள்.

சரி, ஊருக்கு ஊர் தனித்தனி நேரம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களை ஒரே நேரத்துக்குள் கொண்டுவந்தது யார்? அரசாங்கம் என்று நினைப்போம். முதலில் கொண்டுவந்தது ரயில். அதுவும் தென்னிந்தியாவில் முதல் முதலாக நம் பகுதிக்குத்தான் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் இன்றைய வாலாஜா ரோடு. அன்று அதை ஆற்காடு நிலையம் என்பார்கள்.

ரயிலுக்கு ஏன் பொது நேரம் வேண்டும்? ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வண்டி விடும்போது, இந்த நிலையத்துக் கடிகாரமும் அந்த நிலையத்துக் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் உயிர் போகும். ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் சூரியக் கணக்கில் நாலு நிமிடம்கூட வித்தியாசமில்லை, சமாளித்துவிடலாம். பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். அங்கே சமாளிக்க முடியாது.

அதற்குத் தீர்வாக ரயில்வே எடுத்துக்கொண்டது சென்னை நேரம். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வான் ஆய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்துத் தந்தி வழியே அனுப்பியது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் நின்ற அந்த நேரத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடின. இதைத் தமிழர் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வசதிக் கணக்காகவே படுகிறது: ஆய்வகம் இங்கே இருந்தது, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில் நம் நேரம் விழுந்தது.

1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய சீர் நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். சென்னை 9 நிமிடம் விட்டுக்கொடுத்து அடங்கிப் போனது. பம்பாயில் எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த மாநகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடவில்லை. நேரம் என்பது ஆட்சியின் சின்னமும்கூட என்பதை இலங்கைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 1996-இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பும்வரை, வவுனியாவுக்கு வடக்கே எல்லை கடந்தவர்கள் கைக்கடிகாரத்தையும் திருப்பிக்கொண்டார்கள்.

இனி நம் பகுதியின் சொந்த விஷயம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழிலுக்கு என்ன நேரம்?

கடிகாரத்துக்கு முன்பு தோலுக்கே ஒரு நேரம் இருந்தது. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனால் உடனே உப்பு. பிறகு ஊறல், சுண்ணாம்புக் குழி, முடி எடுப்பு, சதை எடுப்பு. அடுத்து ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழிகள், முதலில் நீர்த்த குழி, பிறகு கெட்டியான குழி என்று மாற்றி மாற்றி. கடைசியில் கடுக்காய். எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். இதில் எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போவது என்ற பேச்சுக்கு இடமில்லை. குழியில் கிடக்கும் தோல் பக்குவத்துக்கு வரும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். அனுபவஸ்தர் விரலால் அமுக்கிப் பார்த்து "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்பார். அதுதான் மணி.

அதை மாற்றியது குரோம் (குரோமிய உப்பால் பதனிடும் முறை). பெரிய மர டிரம்மில் தோலையும் குரோமியக் கரைசலையும் போட்டுச் சுழற்றினால் ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அரசு அதிகாரி சென்னையில் இதைச் சோதித்துப் பார்த்தார். பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் குரோம்பேட்டை இருக்கிறது. 1970-களில் பச்சைத் தோலையும் பாதிப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. செருப்பாகவும் ஷூவாகவும் முடித்து அனுப்பினால்தான் லாபம் என்றானபின் வேலூர்ப் பகுதியில் குரோமும் ஷூ கம்பெனிகளும் பெருகின.

வாரக்கணக்கு நாள்கணக்கானது முதலாளிக்கு லாபம். தொழிலாளிக்கு? டிரம்மும் தையல் மெஷினும் நிமிடக் கணக்கில் ஓடுபவை. வேலை முடிந்ததா என்ற கேள்வி போய், எத்தனை மணிக்கு வந்தாய் என்ற கேள்வி வந்தது. மிச்சமான நேரத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடந்த ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, ஒரு லட்சம் டன்னுக்கு மேல், பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அந்த வருஷம் நவம்பர் 30 வரை தோல் ஆலைகளுக்குக் கெடு வைத்தது. டிரம் ஓடியது நாள்கணக்கில்தான். பாலாற்றுப் படுகை அதை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் பகுதிக்கு வருவோம். காலையில் கம்பெனி வேனுக்காக ரோட்டோரம் நிற்கிறவர் நீங்கள் என்றால், உங்கள் நேரத்தின் அளவு சட்டத்தில் எழுதியிருக்கிறது.

அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தபோது குழந்தைகளின் வேலை நேரத்துக்கு மட்டுமே வரம்பு வைத்தது. அதுவும் 9 மணி! பெரியவர்களுக்கு 1922-இல் வாரம் 60 மணி, 1934-இல் 54, பிறகு 48. இடையில் 1918-இல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. 1923 மே 1-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார்.

எத்தனை மணி வேலை வாங்கலாம்? 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வரம்பு வாரம் 48 மணி, நாளுக்கு 9 மணி. தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. 2020-இல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்பு நாளுக்கு 8 மணி என்கிறது. வரம்புக்கு மேல் செய்யும் ஓவர்டைமுக்கு இரண்டிலும் இரட்டிப்புச் சம்பளம்.

12 மணி நேர வேலை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேனே? 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதற்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது உண்மை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

வேன் பிந்தி, விரல்ரேகை வைக்கும்போது 10 நிமிடம் தாமதமாகிவிட்டது. அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். சரியா? சரியில்லை. வேலைக்கு இல்லாத நேரத்துக்கு உரிய அளவைவிடக் கூடுதலாகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று 1936 ஊதிய வழங்கல் சட்டம் சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 10 நிமிடம் இல்லை என்றால் 10 நிமிடத்துக்கான கூலிதான். (பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பு இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் கணக்கு வேறு, அதற்குத் தனி விதி உண்டு.) சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற வரியைப் பாருங்கள். எதற்கு, எத்தனை நிமிடத்துக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் கிடைக்காவிட்டால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம்.

பஞ்ச் வைத்த பிறகும் வேலை தொடர்கிறதா? இது வேறு விதமான கசிவு. மெஷினைத் துடைப்பது, பீஸ் எண்ணி அடுக்குவது, சோதனைக்கு வரிசையில் நிற்பது. தினம் 10 நிமிடம் என்றால் 26 வேலைநாளில் 260 நிமிடம், அதாவது மாதம் நாலு மணிக்கு மேல், பாதி நாள் வேலை. தாமதத்தை நிமிடக் கணக்கில் பார்க்கும் இயந்திரம், வெளியே போவதையும் அப்படியே பார்க்கட்டும்.

கடைசியாக, கடிகாரமே இல்லாதவர்கள். ஆம்பூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த பல பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துத் தருகிறார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. பஞ்ச் இல்லை, மேஸ்திரி இல்லை, சமையலுக்கு நடுவே செய்துகொள்ளலாம் என்பது உண்மையான சௌகரியம்தான். ஆனால் எட்டு மணி நேரம் என்று நூறு வருஷமாகப் போராடி வாங்கிய அளவு அந்தத் திண்ணைவரை வந்து சேரவில்லை.

நீங்கள் அப்படித் தைக்கிறவர் என்றால் ஒன்று செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, ஊசியைக் கையில் எடுக்கும்போதும் கீழே வைக்கும்போதும் மணியைக் குறித்து வையுங்கள். நூல் கோப்பதும், தோல் கட்டைக் கொண்டுவருவதும், முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வேலை நேரமே, விடாமல் எழுதுங்கள். வாரக் கடைசியில் வந்த பணத்தை மொத்த மணியால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரம் எவ்வளவுக்குப் போகிறது என்று தெரியும். அதை அரசு அறிவித்துள்ள குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஏஜென்ட் கூலி பேச வரும்போது அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.